பழைய புரொஜெக்‌ஷன் டிவியில் மூன்று நிறமும் பிரிந்து நிற்கிறது: சரிசெய்ய வழி உண்டா?

கீழைவாசி

எல்லாருக்கும் சலாம். வாப்பா சிங்கப்பூர் வேலையை முடித்துக்கொண்டு ஊர் திரும்பியபோது கண்டெய்னரில் போட்டுக் கொண்டுவந்த 50 அங்குலப் புரொஜெக்‌ஷன் டிவி ஒன்று எங்கள் வீட்டு மாடியில் நிற்கிறது. ஆள் நெஞ்சு உயரம், அடியில் சக்கரம், தூக்க நாலு பேர் வேண்டும். பல வருஷமாகப் போர்த்தியே கிடந்ததைப் பெருநாளுக்கு வெள்ளையடிக்கும்போது நகர்த்தினோம். ப்ளக்கைச் சொருகிப் பார்த்தேன், ஓடியது.

படம்தான் சரியில்லை. திரையின் நடுவில் ஒழுங்காக இருக்கிறது. மேலேயும் கீழேயும் போகப்போக சிவப்பு ஒரு பக்கம் சாய்கிறது, நீலம் எதிர்ப்பக்கம் சாய்கிறது, பச்சை வில்லாக வளைகிறது. செய்தி வாசிப்பவர் முகம் சரி, கீழே ஓடும் எழுத்து மும்மூன்றாகத் தெரிகிறது. வெளிச்சமும் மங்கல். உட்கார்ந்து பார்த்தால் ஏதோ தெரிகிறது, எழுந்து நின்றால் இருட்டிப்போகிறது. ராத்திரியில் போட்டால் முதல் சில நிமிஷம் உள்ளே இருந்து சர்ரென்று ஒரு சத்தம்.

சாச்சா பழைய இரும்புக்கடைக்குப் போடச் சொல்கிறார். உம்மாவுக்கு மனசில்லை, எனக்கும் இல்லை. இது எப்படி வேலை செய்கிறது, இதில் எது கெட்டிருக்கும், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உச்சிப்புளி மெக்கானிக்

தம்பி, முதலில் ப்ளக்கைப் பிடுங்கி வையுங்கள். அந்தச் சத்தத்துக்கு வழி பண்ணும்வரை போட வேண்டாம். பின்மூடியையும் நீங்களாகக் கழற்ற வேண்டாம், காரணம் பிறகு சொல்கிறேன். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் வெளிநாட்டில் இருந்து வந்தவர்கள் வீடுகளில் இந்த வகை செட்டுகள் நிறையப் பார்த்திருக்கிறேன். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் செட் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

சாதாரணப் பழைய டிவியில் பிக்சர் டியூப்பின் முகமே திரை. அந்த ஒரே முகத்தில் சிவப்பு, பச்சை, நீலப் பொட்டுகள் மூன்றும் இருக்கும். டியூப்பைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் கண்ணாடி கனமாகும், ஆழமும் கூடும். அதனால் 50 அங்குலத்துக்கு வேறு வழி பிடித்தார்கள். உங்கள் செட்டின் அடிப்பகுதியில் மூன்று சின்ன டியூப்கள் வரிசையாக இருக்கின்றன, பெரும்பாலும் 7 அங்குலம். ஒன்று சிவப்புப் படம் மட்டும் காட்டும், நடுவில் உள்ளது பச்சை, இன்னொன்று நீலம். ஒவ்வொன்றின் முகத்திலும் ஒரு தடித்த லென்ஸ். மூன்றில் இருந்தும் வெளிச்சம் மேலே போய், பின்பக்கம் சாய்வாக நிற்கும் பெரிய கண்ணாடியில் பட்டுத் திரும்பி, திரையின் முதுகில் விழுகிறது. நாம் முன்பக்கம் இருந்து பார்க்கிறோம். கண்ணாடியில் இடம் வலம் மாறிவிடும் அல்லவா, அதற்காக டியூப்பிலேயே படத்தைத் திருப்பி வரைவார்கள்.

மூன்று டியூப்பும் மூன்று இடத்தில் இருக்கின்றன, படம் விழவேண்டிய இடம் ஒன்று. ஒரே வாசலில் மூன்று பேர் மூன்று மூலையில் நின்றுகொண்டு, ஆளுக்கொரு நிறப் பொடியால் ஒரே கோலத்தை, கோட்டின் மேல் கோடு விழுகிற மாதிரிப் போட வேண்டும் என்றால் எவ்வளவு கவனம் வேண்டும்? அந்த வேலைதான் இங்கே நொடிக்கு ஐம்பது முறை நடக்கிறது. அதற்குப் பெயர் கன்வர்ஜன்ஸ். உங்கள் செட்டில் கெட்டிருப்பது அதுதான் என்று நினைக்கிறேன். ஒன்று பார்த்துச் சொல்லுங்கள்: நிறம் விலகுவது படுக்கைக் கோடுகளில் மட்டுமா, நிற்கும் கோடுகளிலும் உண்டா?

மண்டபம் இயற்பியல்

மெக்கானிக் அண்ணன் சொன்னதோடு வெளிச்சக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளலாம். ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு ஒளியியல் நடத்தும்போது நான் இந்த டிவியைத்தான் உதாரணம் காட்டுவேன், ஏனென்றால் பாடத்தில் வருவதில் பாதி இந்தப் பெட்டிக்குள் இருக்கிறது.

7 அங்குல முகத்தில் உண்டான வெளிச்சத்தை 50 அங்குலத் திரையில் பரப்பினால், நீளம் ஏழு மடங்கு, அகலம் ஏழு மடங்கு, பரப்பு சுமார் 50 மடங்கு. அந்த அளவுக்கு வெளிச்சம் நீர்த்துப்போகும். லென்ஸ் பிடிப்பதும் டியூப் முகத்தில் இருந்து கிளம்பும் ஒளியில் ஒரு பகுதியைத்தான். ஆகவே டியூப்பை முழு மூச்சாக ஓட்டுகிறார்கள். எலக்ட்ரான் கற்றையை இழுக்க 30,000 வோல்ட் அளவுக்கு அழுத்தம், கற்றையில் மின்னோட்டமும் அதிகம். கற்றை பட்டதும் ஒளிரும் பாஸ்பர் பூச்சு கொதித்துவிடாமல் இருக்க, டியூப் முகத்துக்கும் லென்ஸுக்கும் நடுவில் ஒரு திரவம் அடைத்திருப்பார்கள். எத்திலீன் கிளைக்கால், கிளிசரின் கலந்தது. அது சூட்டை உலோகச் சட்டத்துக்குக் கடத்துகிறது. இன்னொரு உபயோகமும் உண்டு. கண்ணாடிக்கும் காற்றுக்கும் நடுவில் வெளிச்சம் கடக்கும் இடத்தில் கொஞ்சம் பட்டுத் திரும்பும், அதனால் படம் வெளிறும். நடுவில் காற்றுக்குப் பதில் திரவம் இருந்தால் அந்தத் திரும்பல் மிகக் குறைவு.

எழுந்து நின்றால் ஏன் இருட்டுகிறது? அது பழுது இல்லை தம்பி, திரை அப்படித்தான் செய்யப்பட்டது. திரை இரண்டு தகடு. உள்தகட்டில் வட்ட வட்டமாக மிக நுண்ணிய வரிப்பள்ளங்கள் இருக்கும். அதுதான் ஃப்ரெனெல் லென்ஸ். கலங்கரை விளக்கத்துக்கு என்று பிரான்சின் ஃப்ரெனெல் உருவாக்கிய அதே யோசனைதான், 1823-இல் கோர்டுவான் கலங்கரை விளக்கத்தில் முதலில் ஏறியது. தடித்த லென்ஸின் வளைந்த முகத்தை மட்டும் வளையம் வளையமாக வைத்துக்கொண்டு நடுவில் உள்ள கண்ணாடியை விட்டுவிடுவது. டிவியில் அது என்ன செய்கிறது என்றால், விரிந்து வரும் கதிர்களை நேராக்கி நம் பக்கம் அனுப்புகிறது. இல்லாவிட்டால் திரையின் மூலைகள் இருட்டாகத் தெரியும்.

வெளித்தகட்டில் நெடுக்காக நுண்ணிய வரிகள் ஓடும், விரல் நகத்தால் தடவினால் உணரலாம். அவை வெளிச்சத்தை இடமும் வலமும் அகலமாகப் பரப்பும், மேலும் கீழும் அவ்வளவு பரப்பாது. கூடத்தில் பத்துப் பேர் வரிசையாக உட்காருவார்களே தவிர ஒருவர் மேல் ஒருவர் உட்காரப்போவதில்லை. கிடைத்த கொஞ்ச வெளிச்சத்தைக் கூரைக்கும் தரைக்கும் வீணாக்காமல் பார்க்கிறவர் கண்ணுக்கே திருப்பிவிட்டார்கள். வரிகளுக்கு நடுவில் கறுப்புப் பட்டையும் உண்டு. அறை வெளிச்சத்தை அது விழுங்குவதால்தான் படத்தில் கறுப்பு கறுப்பாகத் தெரிகிறது.

எனக்கு இந்தத் திரையின் மேல் தனி மதிப்பு. எத்தனையோ கருவிகளை மாணவர்களுக்குக் காட்டியிருக்கிறேன், இத்தனை யோசனையை இரண்டு மில்லிமீட்டர் கணக்கான பிளாஸ்டிக் தகட்டில் அடக்கியது குறைவு.

தொண்டிக்காரன்

வருத்தப்படாதீர்கள், நான் நேராகச் சொல்கிறேன். இன்றைக்கு 43 அங்குல எல்இடி டிவி சுவரில் மாட்டிவிடலாம், கரண்டும் கொஞ்சம்தான் குடிக்கும். இந்தப் பெட்டி அதைப்போல இரண்டு மூன்று மடங்கு இழுக்கும், மாடியில் பாதி இடத்தை அடைக்கும். உதிரிப் பாகம் தேடி மதுரை, சென்னை என்று அலைய வேண்டும். தயாரித்தவர்களே கைவிட்ட சரக்கு. பின்புறம் இருந்து படம் காட்டும் டிவியைக் கடைசிவரை செய்துகொண்டிருந்த மிட்சுபிஷியும் 2012 டிசம்பரில் நிறுத்திவிட்டது. பாசம் இருக்கலாம், ஆனால் செலவுக்கு ஒரு எல்லை வேண்டும்.

கீழைவாசி

அண்ணே, நீங்கள் சொல்வது நியாயம். தினமும் பார்க்க வீட்டில் வேறு டிவி இருக்கிறது. இது வாப்பா உழைத்து வாங்கியது, அதனால்தான் கேட்கிறேன். ஒரு அளவுக்கு மேல் செலவு போனால் விட்டுவிடுவேன்.

மெக்கானிக் அண்ணே, மெனுவில் கட்டம் போட்ட படம் ஒன்று வருகிறது. சத்தம் வராத பகல் நேரத்தில் ஒரு நிமிஷம் மட்டும் போட்டுப் பார்த்து நிறுத்திவிட்டேன். நிற்கும் கோடுகள் வெள்ளையாக, ஒன்றாக இருக்கின்றன. படுக்கைக் கோடுகள்தான் விலகுகின்றன. மேல் கோட்டில் சிவப்பு எந்தப் பக்கம் சாய்கிறதோ, கீழ்க் கோட்டில் அதற்கு எதிர்ப்பக்கம்.

உச்சிப்புளி மெக்கானிக்

நல்லாப் பார்த்திருக்கிறீர்கள். வேலை எளிதாகிவிட்டது.

பச்சை டியூப் நடுவில் நேராக நிற்கிறது. சிவப்பும் நீலமும் இரண்டு பக்கத்தில் இருந்து சாய்வாகப் பார்க்கின்றன. சாய்வாக வீசினால் செவ்வகம் செவ்வகமாக விழாது, ஒரு பக்கம் உயரம் கூடி மறுபக்கம் குறையும். சிவப்புக்கு எந்தப் பக்கம் கூடுகிறதோ நீலத்துக்கு அதற்கு நேர்மாறு. இதைத் திருத்த ஒவ்வொரு டியூப்பின் கழுத்திலும், கற்றையை வளைக்கும் வழக்கமான சுருளான யோக் போக, இன்னொரு சின்னக் காந்தச்சுருள் இருக்கும். கற்றை திரையில் எந்த இடத்தில் இருக்கிறதோ அதற்குத் தக்க மின்னோட்டத்தை அதில் விட்டால், கற்றை மயிரிழை விலகி கோடு நேராகிவிடும். மூன்று நிறம், ஒவ்வொன்றுக்கும் கிடைமட்டம், நெடுக்கு என்று மொத்தம் ஆறு சேனல். அந்த ஆறு சேனலையும் ஓட்டுவது பல செட்டுகளில் இரண்டே இரண்டு பெரிய ஐசி, எஸ்டிகே 392 வரிசை. ஒன்றுக்கு மூன்று சேனல்.

உங்களுக்கு நிற்கும் கோடு சரி, படுக்கைக் கோடு மூன்று நிறத்திலும் போய்விட்டது. அப்படியென்றால் நெடுக்கைப் பார்க்கும் ஐசி ஒன்று போயிருக்கிறது, அல்லது அதன் காலில் ஈயப் பற்று விட்டுப்போயிருக்கிறது, அல்லது அதற்கு வரும் சப்ளை இல்லை. அந்த ஐசி ஓடும்போது கை வைக்க முடியாத சூடு. சூடாகி விரிந்து, ஆறிச் சுருங்கி, கடைசியில் காலைச் சுற்றி ஈயத்தில் வட்டமாக விரிசல் விழும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் மெல்லிய கறுப்பு வளையமாகத் தெரியும். புரொஜெக்‌ஷன் டிவியில் அதிகம் வரும் பழுது இதுதான். டியூப் போய்விட்டது என்று சொல்லித் தூக்கிப்போட்ட செட்டுகளில் பல இந்தச் சின்ன வேலைக்காகப் போனவை. அது எனக்கு இன்றைக்கும் வயிற்றெரிச்சல்.

மாற்றும்போது இரண்டு ஐசியையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். பக்கத்தில் உள்ள குறைந்த ஓம் ரெசிஸ்டர்களை ஒவ்வொன்றாக மீட்டரில் அளக்க வேண்டும். ஐசி போகும்போது அவற்றில் ஒன்றிரண்டு உள்ளே அறுந்து திறந்துகொள்ளும், அதை விட்டுவிட்டுப் புது ஐசி போட்டால் அதுவும் போகும். ஐசியின் சூட்டை இறக்கும் ஹீட்சிங்க்கில் பழைய பசை காய்ந்து சுண்ணாம்பாகியிருக்கும், சுரண்டி எடுத்துப் புதிதாகத் தடவ வேண்டும். சந்தையில் போலி ஐசி நிறைய வருகிறது. கழற்றிய பழைய அசல் ஐசி கிடைத்தால் அதையே வாங்கலாம்.

பின்மூடியைத் திறக்க வேண்டாம் என்று ஏன் சொன்னேன் என்றால், அந்த 30,000 வோல்ட்டை டியூப் பிடித்து வைத்திருக்கும். ப்ளக்கைப் பிடுங்கினாலும் உடனே இறங்காது. அதை எர்த் பண்ணி இறக்கத் தெரிந்தவர் கை மட்டுமே உள்ளே போக வேண்டும்.

தங்கச்சிமடம் அலை

சர்ரென்ற சத்தத்தைப் பற்றி நான் சொல்லலாமா? எங்கள் வீட்டில் இருந்தது சாதாரணப் பெரிய டியூப் டிவிதான், ஆனால் கடலில் இருந்து கூப்பிடு தூரம். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் சாயங்காலம் போட்டால் இதே சத்தம் வரும், கூடவே ஒரு மாதிரி மூக்கைக் குத்தும் வாசனை. பகலில் வராது. இது உப்பு செய்யும் வேலை என்று அப்பா சொல்லுவார். டீச்சரோ சாரோ, மண்டபத்தில் இருந்து எழுதுகிறவர், இதற்கு விளக்கம் சொல்லுங்கள்.

மண்டபம் இயற்பியல்

டீச்சர்தான். உங்கள் அப்பா சொன்னது முழுக்கச் சரி.

கடற்காற்றில் வரும் உப்புத் துகள் எல்லாப் பொருள் மேலும் படியும். காய்ந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தாது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாக ஈரத்தை இழுத்துக் கரைசலாகிவிடும். நம் கரையில் ராத்திரி ஈரப்பதம் அதைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். அப்போது டியூப்பின் பக்கவாட்டில் உயர் அழுத்தக் கம்பி நுழையும் இடத்து ரப்பர் மூடியைச் சுற்றி மெல்லிய உப்புநீர்ப் படலம் உண்டாகி, உயர் அழுத்தம் அதன் வழியாகக் கசிகிறது. சத்தம் அந்தக் கசிவு. மூக்கைக் குத்தும் வாசனை ஓசோன். கொஞ்ச நேரத்தில் செட்டின் சூட்டிலேயே படலம் காய்ந்து சத்தம் நிற்கிறது. பகலில் ஏன் வராது என்பதற்கும் இதுவே பதில்.

புரொஜெக்‌ஷன் டிவியில் உப்பு கை வைக்கும் இடம் இன்னொன்று உண்டு, அதுதான் எனக்குக் கவலை. உள்ளே இருக்கும் பெரிய கண்ணாடி நம் வீட்டு முகக்கண்ணாடி மாதிரிக் கிடையாது. வீட்டுக் கண்ணாடியில் பூச்சு பின்னால் இருக்கும். வெளிச்சம் முன்முகத்திலும் கொஞ்சம், பூச்சிலும் மீதி என்று இரண்டு இடத்தில் திரும்புவதால் மெல்லிய இரட்டை உருவம் வரும். முகம் பார்க்க அது பரவாயில்லை, படம் காட்ட ஆகாது. எனவே அலுமினியத்தை முன்முகத்திலேயே பூசியிருப்பார்கள். அதன் மேல் நம் கடற்காற்று நேராகப் படுகிறது. உப்பில் உள்ள குளோரைடு அலுமினியத்தின் மேலுள்ள ஆக்சைடு தோலைத் துளைத்துப் புள்ளி புள்ளியாக அரிக்கும். அரித்த இடம் திரும்ப வராது. தூசி மட்டும் என்றால் எடுத்துவிடலாம்.

உச்சிப்புளி மெக்கானிக்

டீச்சர் சொன்ன கண்ணாடியைத் துணி போட்டு அழுத்தித் துடைத்துப் பாழாக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். முதலில் ஊதுபந்தால் ஊத வேண்டும். பிறகு காய்ச்சி வடித்த நீரில் நனைத்த நல்ல பஞ்சை, அதன் கனத்திலேயே ஒரே திசையில் இழுக்க வேண்டும், அழுத்தவே கூடாது. ஒரு இழுப்புக்கு ஒரு பஞ்சு. சில செட்டில் கண்ணாடிக்குப் பதில் சட்டத்தில் இழுத்துக் கட்டிய பளபளப்பான படலம் இருக்கும், அதைத் தொடவே கூடாது, ஊதுவதோடு சரி.

மூன்று லென்ஸும் மேல்நோக்கி இருப்பதால் தூசி நேராக அதில்தான் இறங்கும். விரலால் தொட்டால் வெள்ளையாக ஒட்டும். வெளிச்சம் மங்கல் என்று வரும் செட்டுகளில் நான் முதலில் தொடுவது லென்ஸ்தான். கண்ணாடி, லென்ஸ் இரண்டையும் சுத்தம் செய்தாலே படம் ஒரு சுற்று தெளிந்துவிடும்.

ராமேஸ்வரம் தீவான்

இழையைப் படிக்கப் படிக்கச் சந்தோஷமாக இருக்கிறது. டிவி என்றால் எங்கள் கரைக்குத் தனி உறவு உண்டு. இலங்கையில் 1982 பிப்ரவரி 15-இல் ரூபவாஹினி தொடங்கியபோது, குழாய் மேல் குழாய் வைத்து ஆண்டெனா ஏற்றி அதைப் பார்த்த வீடுகள் இந்தக் கரையில் ஏராளம். கடல் மேல் தடை இல்லாமல் அலை வந்துவிடும். பிறகு 1995-இல் ராமேஸ்வரத்தில் தூர்தர்ஷன் கோபுரம் எழுந்தது, 323 மீட்டர். பாம்பன் பாலத்தில் வரும்போதே கண்ணில் படும்.

பெரிய படம் என்ற ஆசை அதைவிடப் பழையது. சூரிச்சில் ஃபிரிட்ஸ் ஃபிஷர் என்ற பொறியாளர் 1939-இல் ஐடோஃபோர் என்ற கருவியை யோசித்தார். மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மேல் எலக்ட்ரான் கற்றையால் எழுதுவார்கள். எண்ணெய் சுருங்கி நெளியும் இடங்களில் வெளிச்சம் வளைந்து திரைக்குப் போகும். டியூப்பின் சொந்த வெளிச்சத்தை நம்பாமல், வெளியே இருந்து பலமான விளக்கைக் கொண்டுவந்து அதைப் படமாக வெட்டிக்கொள்ளும் யோசனை அது. இன்றைய புரொஜெக்டர்கள் பெரும்பாலும் அந்த வழிதான். நாசாவின் கட்டுப்பாட்டு அறையில் பெரிய திரைகளுக்கு அதைப் பயன்படுத்தினார்கள்.

வீட்டுக்கு என்று வந்தது வேறு வழியில். 1947-இல் ஆர்சிஏ நிறுவனம் 5 அங்குல டியூப்பின் படத்தைக் குழிக்கண்ணாடியால் பெரிதாக்கி விற்றது. அமெரிக்காவின் ஹென்றி கிளாஸ் 1972-இல் மூன்று டியூப் வைத்த அட்வென்ட் வீடியோபீமைக் கொண்டுவந்தார். கூடத்தின் நடுவில் பெட்டி, எதிரே தனியாக நிற்கும் வளைந்த திரை. கீழைவாசியின் மாடியில் நிற்பது அந்த வம்சம், திரையையும் பெட்டிக்குள் இழுத்துக்கொண்டது.

பாம்பன் பாலத்தடி

என்னிடம் இருப்பது டியூப் இல்லாத வகை, டிஎல்பி என்று எழுதியிருக்கிறது. திரை முழுக்க வெள்ளைப் புள்ளிகள் நட்சத்திரம் மாதிரி வந்துவிட்டன. முதலில் ஒன்று, பிறகு கூடிக்கொண்டே போனது. இதற்கும் தூசிதான் காரணமா?

மண்டபம் இயற்பியல்

இல்லை. தூசி என்றால் மங்கலான கறை மாதிரித் தெரியும், உங்களுக்கு வருவது கூர்மையான புள்ளி. டிஎல்பியில் படத்தை உண்டாக்குவது ஒரு சிப். டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் லாரி ஹார்ன்பெக் 1987-இல் கண்டுபிடித்தது. 1280-க்கு 720 என்றால், அந்த நகத்தளவு சிப்பில் 9,21,600 குட்டிக் கண்ணாடிகள். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்குகூட இல்லை. ஒவ்வொன்றும் ஒரு பக்கம் 12 டிகிரி சாய்ந்தால் விளக்கின் ஒளி லென்ஸுக்குப் போகும், மறுபக்கம் சாய்ந்தால் ஓரமாக வீணாகும். நடுநிலை கிடையாது. சாம்பல் நிறம் வேண்டுமென்றால் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை சாய்ந்து சாய்ந்து, எவ்வளவு நேரம் அந்தப் பக்கம் நின்றது என்பதால் வெளிச்சத்தை அளந்து கொடுக்கும். நிறத்துக்கு, விளக்கின் முன்னால் சிவப்பு, பச்சை, நீலக் கண்ணாடி பதித்த சக்கரம் சுழலும். சில பேர் தலையைத் திருப்பும்போது வானவில் கீற்று தெரிகிறது என்பார்களே, அது மூன்று நிறமும் ஒன்றன்பின் ஒன்றாக வருவதால். ஹார்ன்பெக்குக்கு இதற்காக 2015-இல் ஆஸ்கர் அமைப்பு விருது கொடுத்தது.

உங்கள் செட்டில் சில கண்ணாடிகள் வெளிச்சப் பக்கமே சாய்ந்து ஒட்டிக்கொண்டுவிட்டன. சுத்தம் செய்து போகாது. சிப்பை மாற்றினால் மட்டுமே போகும்.

எல்சிடி வகையில் வழி வேறு. விளக்கின் வெள்ளை ஒளியை நிறம் பிரிக்கும் கண்ணாடிகளால் மூன்றாகப் பிரித்து, மூன்று சின்ன எல்சிடி தகடுகள் வழியாக விட்டு, நடுவில் ஒரு கனசதுரப் பட்டகத்தில் மறுபடி சேர்ப்பார்கள். மூன்று நிறமும் ஒரே நேரத்தில் வருவதால் வானவில் வராது.

உச்சிப்புளி மெக்கானிக்

இந்த இரண்டு வகைக்கும் ஒரு எச்சரிக்கை. உள்ளே இருப்பது பெரும்பாலும் உயர் அழுத்தப் பாதரச விளக்கு. படம் முடிந்ததும் விசிறி ஓடி அதை ஆற்ற வேண்டும். கரண்ட் திடீரென்று போனால் விசிறியும் நின்று விளக்கு வெந்துபோகும், ஆயுள் குறையும். கரண்ட் அடிக்கடி போகும் இடத்தில் இன்வெர்ட்டர் இல்லாமல் ஓட்டாதீர்கள்.

வாலிநோக்கம் இளைஞர்

எங்கள் தெருவில் கால்பந்து ஆட்டங்களை எல்லாரும் சேர்ந்து பார்க்க ஒரு புரொஜெக்டர் வாங்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். ஆன்லைனில் சின்னதாக, கைக்கு அடக்கமாக வருகிறதே, 9,000 லூமென் வெளிச்சம் என்று போட்டிருக்கிறார்கள், விலையும் குறைவு. அது போதுமா?

மண்டபம் இயற்பியல்

அந்த எண்ணை நம்பி வாங்காதீர்கள். ஆன்சி லூமென் அல்லது ஐஎஸ்ஓ லூமென் (தர அமைப்புகளின் முறையில் அளந்தது) என்று தெளிவாகப் போட்டிருந்தால் மட்டும் கணக்கில் எடுங்கள். ஆன்சி முறையில் திரையை ஒன்பது கட்டமாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் அளந்து சராசரி எடுப்பார்கள், அதனால் ஏமாற்றுவது கடினம். அந்த மலிவு வகையில் உண்மையில் 200 ஆன்சி லூமென் தேறினாலே பெரிது.

100 அங்குலத் திரையின் பரப்பு சுமார் 2.75 சதுர மீட்டர். 200 லூமெனை அதில் பரப்பினால் சதுர மீட்டருக்கு 73, அதாவது 73 லக்ஸ். ட்யூப்லைட் எரியும் அறையில் சுவர் மேலேயே 100 லக்ஸுக்கு மேல் விழும். அறை வெளிச்சம் படத்தைவிட அதிகம், படம் எப்படித் தெரியும்? வெள்ளைத் துணியின் கறுப்பு என்பது, விளக்கு படாதபோது அந்தத் துணி எவ்வளவு வெள்ளையாகத் தெரிகிறதோ அதுதான். அதைவிடக் கறுப்பை எந்தப் புரொஜெக்டராலும் காட்ட முடியாது. 3,000 ஆன்சி லூமென் என்றால் அதே திரையில் 1,090 லக்ஸ் கிடைக்கும். தெருவிளக்கை ஒதுக்கிவிட்டால் நன்றாகவே பார்க்கலாம். ஆட்டத்தை இருட்டிய பிறகு வையுங்கள். மாலை நிழல் வெளிச்சத்தின் முன் எதுவும் நிற்காது.

அப்புறம், மலிவு வகையில் எல்சிடி தகட்டின் மேல் விசிறிக் காற்று நேராக அடிக்கும். கடற்கரையில் மணலும் உப்பும் உள்ளே போய்ப் படத்தில் புள்ளியாகத் தெரியும். ஒளிப்பாதையை முழுக்க மூடிய லேசர் வகை நம் ஊருக்குத் தோதானது, விலைதான் இடிக்கும்.

வாலிநோக்கம் இளைஞர்

கணக்கைப் பார்த்ததும் பையன்கள் அமைதியாகிவிட்டார்கள், நன்றி டீச்சர். பழைய 3,000 லூமென் பள்ளிப் புரொஜெக்டர் ஒன்றை விசாரிக்கிறோம்.

கீழைவாசி

ராமநாதபுரத்தில் இருந்து தெரிந்த மெக்கானிக் ஒருவரை வீட்டுக்கே அழைத்து வந்தோம். இந்த இழையை அவரிடம் காட்டினேன், சிரித்துக்கொண்டே சரி என்றார். முதலில் டியூப்களின் சார்ஜை இறக்கினார். போர்டை வெளியே எடுத்துக் காட்டியபோது ஐசியின் கால்களைச் சுற்றி அந்தக் கறுப்பு வளையம் தெரிந்தது. ஐசி இரண்டையும் மாற்றினார். பக்கத்தில் ஒரு ரெசிஸ்டர் திறந்திருந்தது, அதையும் மாற்றினார். ரப்பர் மூடியைக் கழற்றி உப்பைத் துடைத்து, சுற்றிலும் சிலிக்கான் பசை தடவினார். லென்ஸ் மேல் இருந்த தூசி பஞ்சில் சாம்பல் நிறமாக வந்தது.

பிறகு கட்டம் போட்ட படத்தை வைத்துக்கொண்டு, முதலில் பச்சையை மட்டும் நேராக்கினார். அடுத்து சிவப்பைப் பச்சை மேல் ஏற்றினார், மஞ்சள் கோடு வந்தது. கடைசியில் நீலத்தைச் சேர்த்ததும் மஞ்சள் வெள்ளையாக மாறியது. உம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒவ்வொரு குறுக்குப் புள்ளியாக அவர் நகர்த்துவதை.

செலவு சாச்சா பயந்த அளவுக்கு வரவில்லை. சத்தமும் இல்லை. படம் நன்றாக இருக்கிறது. ஒன்று மட்டும் பாக்கி: கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வந்தால் சுற்றிலும் நீலப் புகை மாதிரித் தெரிகிறது. நீல டியூப்பின் உள்ளே ஏதோ மேகம் போட்ட மாதிரி இருக்கிறது என்றார் அவர்.

உச்சிப்புளி மெக்கானிக்

சந்தோஷம் தம்பி. அது டீச்சர் சொன்ன திரவம். பழசாகிப் பூஞ்சை பிடித்திருக்கும். லென்ஸைக் கழற்றி, திரவத்தைக் கொட்டி, உள்ளே கழுவி, புதுசு நிரப்ப வேண்டும். ரப்பர் வளையத்தையும் மாற்றிவிடுங்கள். பழைய வளையத்தை மறுபடி போட்டால் கசிந்து கீழே உள்ள போர்டில் இறங்கும், தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. கொட்டிய திரவம் விஷம், இனிப்பாக இருக்கும், பூனையும் பிள்ளைகளும் கிட்டே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீலப் படம் கொஞ்சம் தெளிவில்லாமல் இருந்தால் உடனே ஃபோகஸைத் திருகாதீர்கள். நீலப் பாஸ்பர் சீக்கிரம் திகட்டி அதற்கு மேல் ஒளிராது என்பதால் கம்பெனியிலேயே அதை ஒரு இழை மங்கலாக வைப்பது வழக்கம்.

கான்ட்ராஸ்டை முழுசாக ஏற்றாதீர்கள், பாதிக்குச் சற்று மேலே போதும். சேனல் சின்னம் அசையாமல் நிற்கும் நிகழ்ச்சியை நாள் முழுக்க ஓடவிட்டால் அந்த இடத்துப் பாஸ்பர் மட்டும் தேய்ந்து தழும்பு விழும்.

செட்டைக் கடல் பக்கத்து ஜன்னலில் இருந்து தள்ளி, பின்னால் ஒரு சாண் இடம் விட்டு வையுங்கள். வாரத்தில் ஒருநாளாவது கொஞ்ச நேரம் ஓட்டுங்கள், அதன் சூடே உள்ளிருக்கும் ஈரத்தை விரட்டும். செட் ஆறிய பிறகு போர்த்துங்கள்.

கீழைவாசி

திரவம் சொல்லிவைத்தாகிவிட்டது அண்ணே, வளையத்தோடு சேர்த்து. இப்போதைய செட்டாப் பாக்ஸில் எச்டிஎம்ஐ மட்டும்தான் இருக்கிறது, இதில் மஞ்சள், சிவப்பு, வெள்ளைப் பின்தான். என்ன செய்யட்டும்?

தொண்டிக்காரன்

எச்டிஎம்ஐ-யில் இருந்து ஏவி-க்கு மாற்றும் சின்னப் பெட்டி கிடைக்கும் தம்பி, விலை அதிகம் இல்லை. வாங்கும்போது திசையைச் சரியாகச் சொல்லிக் கேளுங்கள், எதிர்த்திசையில் மாற்றுவதும் அதே உருவத்தில் வரும். பாக்ஸ் மெனுவில் திரை அளவை 4:3 என்று மாற்றிவிடுங்கள், முகங்கள் நீளமாகத் தெரியாது.